பழைய கேரவனை இழுத்துக்கொண்டு ஊட்னடாட்டா தடத்தில் போகலாமா?

தொடுவானம்77 · ஏப்ரல் 26

வணக்கம். அடிலெய்டிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் 1977-ல் செய்த 16 அடி கேரவன் ஒன்று வாங்கினோம். ஒற்றை ஆக்ஸில், மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு. இழுக்கப்போவது 2012 டொயோட்டா பிராடோ டீசல் கார்.

ஜூலை பள்ளி விடுமுறையில் ஹாக்கர், லீ கிரீக் வழியாக மாரீ போய், அங்கிருந்து வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா வரை அந்த 620 கிலோமீட்டர் மண்சாலையில் போக ஆசை. திரும்பும்போது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. நான், மனைவி, ஒன்பது வயது மகன், அப்புறம் அம்மா.

அம்மாவுக்காகத்தான் இந்தப் பயணமே. அப்பா தெற்கு ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதையில் நாசரேத், குரும்பூர் என்று சின்ன ஸ்டேஷன்களிலேயே இருந்தார். இப்போது இல்லை. பழைய கான் ரயில் பாதை இந்தச் சாலையை ஒட்டியே போனது, 1980-ல் மூடிவிட்டார்கள் என்று என் மகன் பள்ளியில் படித்ததைப் பாட்டியிடம் சொன்னான். ஆளில்லாத அந்த ஸ்டேஷன்களைப் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். முழங்கால் வலி, கூடாரத்தில் தரையில் படுக்க முடியாது. அதனால்தான் கேரவன் வாங்கினோம்.

விற்றவர் "டயர் புதுசு மாதிரி இருக்கு, எங்கே வேணும்னாலும் போகலாம்" என்றார். எனக்கு இழுத்துப் பழக்கம் இல்லை. போகலாமா?

மாதவி_டார்வின் · ஏப்ரல் 26

போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். குறைந்தபட்சம் அந்தக் கேரவனோடு போகாதீர்கள்.

நாங்கள் ஆறு வருடம் முன்பு 1980-களின் கேரவன் ஒன்றை பிளென்டி நெடுஞ்சாலையில் இழுத்துப் போனோம். பெயர்தான் நெடுஞ்சாலை, பெரும்பகுதி மண். தகரக் கூரையைப் பிரித்துத் தரையில் விரித்தது போல வரிவரியாகக் கிடக்கும், அதைத்தான் இங்கே கொரகேஷன் என்கிறார்கள். அதன் மேல் நாள் முழுக்க ஓட்டினால் வண்டியில் உள்ள ஒவ்வொரு திருகாணியையும் யாரோ உட்கார்ந்து கழற்றுவது போல. முதல் நாள் மாலை கதவைத் திறந்தபோது மேலலமாரி கட்டிலின் மேல் கிடந்தது. அரிசி, பருப்பு, கண்ணாடி எல்லாம் ஒன்றாக. இரண்டாம் நாள் முன்பக்கச் சுவரும் கூரையும் சேரும் மூலையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மரச்சட்டம் உள்ளே உளுத்துப்போயிருந்தது வெளியே தெரியவே இல்லை.

கேரவனை மாரீயில் விட்டுவிட்டு, காரில் மட்டும் ஒரு நாள் போய் இரண்டு ஸ்டேஷனைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அம்மாவின் ஆசையும் நிறைவேறும்.

ஜூலை என்பது மட்டும் சரியான முடிவு, இங்கே அது குளிர்காலம். கோடையில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது.

கிரீஸ்கை · ஏப்ரல் 27

தம்பி, போகலாமா வேண்டாமா என்பதற்கு நாங்கள் இங்கே இருந்து பதில் சொல்ல முடியாது. அந்தக் கேரவனுக்கு அடியில் படுத்துப் பார்க்கிறவன்தான் சொல்லலாம். நான் மெல்பேர்னில் இருபத்திரண்டு வருடமாக டிரெய்லர், கேரவன் வேலை செய்கிறேன். மேலே பளபளப்பாக இருக்கும், கீழே படுத்தால்தான் வயது தெரியும்.

முதலில் டயர். "புதுசு மாதிரி" என்பது ஒரு அளவே இல்லை. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். கேரவன் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்றே சாகிறது. தரையில் படும் பூ அப்படியே இருக்கும், ரப்பர் உள்ளே காய்ந்து வெடித்திருக்கும். ஏழு வருடம் தாண்டியிருந்தால் கழற்றி எறி. ஸ்டெப்னியும் சேர்த்துத்தான், அதை யாரும் பார்ப்பதில்லை. லைட் டிரக் வகை டயர் போடு. 185 ஆர் 14 சி என்று கேட்டால் ஒன்று 850 கிலோ தாங்கும்.

இரண்டாவது பேரிங். சக்கரத்தைத் தூக்கி, அது மாட்டியிருக்கும் நடுப்பகுதியான ஹப்பைக் கழற்றி, பழைய கிரீஸ் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவி எடு. உருளைகளில் நீலமோ பழுப்போ படிந்திருந்தால் அது ஒரு தடவை சூட்டில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். குழி விழுந்திருந்தாலும் மாற்று. அந்தக் காலக் கேரவன்களில் பெரும்பாலும் ஹோல்டன் பேரிங் அல்லது ஃபோர்டு பேரிங், இரண்டில் ஒன்றுதான் இருக்கும். உள் பேரிங்கில் எல்எம் 67048 என்றிருந்தால் ஹோல்டன். எண்ணைப் பார்த்து எழுதிக்கொள். ஒரு முழு ஹப்பை, பேரிங் போட்டு கிரீஸ் அடைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கையோடு கொண்டுபோ. சாலையோரத்தில் தனிப் பேரிங்கைத் தட்டி இறக்குவது புழுதியில் நடக்காது. ஹப்பாக இருந்தால் அரை மணி நேரத்தில் போட்டுவிட்டுப் போகலாம்.

மூன்றாவது, லீஃப் ஸ்பிரிங், அதன் முனையைச் சட்டத்தோடு மாட்டும் ஷேக்கிளின் போல்ட், ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட். ஸ்பிரிங் பட்டைகளின் நடுவில், மையப் போல்ட் இருக்கும் இடத்தில் வெடிப்பு வரும். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்.

பிரேக் என்ன வகை? மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோ வரை, வண்டி முன்னே தள்ளும்போது தானாகப் பிடிக்கும் ஓவர்ரைடு பிரேக்கும் சட்டப்படி போதும். ஆனால் மண்சாலைக்கு அது ஆகாது. ஒவ்வொரு குழியிலும் முன்னும் பின்னும் இடித்து வீணாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். மின்சார பிரேக்காக மாற்று. அதில் இன்னொரு பலன், கேரவன் வாலாட்டினால் கார் பிரேக்கைத் தொடாமல் கேரவன் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி நேராக்கலாம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வா. பிறகு கதைப்போம்.

உப்பளத்தான் · ஏப்ரல் 27

எடை போட்டீர்களா? எல்லாச் சாமானும் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். அந்த வருடத்துக் கேரவன்களில் அனுமதிக்கப்பட்ட எடை எழுதிய தகடே பல நேரம் இருக்காது. அப்போது டயர், ஆக்ஸில், கொக்கி மூன்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் எல்லை.

கேரவனை மாட்டும் காரின் பின்பக்கக் குண்டு, அதாவது டோபால், அதன் மேல் இறங்கும் எடையைத் தனியாகப் பாருங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். எங்கள் தாத்தா மாட்டுவண்டியில் உப்பு ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று ஆயிரம் தடவை சொல்வார். பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்பும். கேரவனும் அதேதான். பின்பாரம் வைத்தால் 90-ல் போகும்போது வால் ஆடத் தொடங்கும், காரையும் சேர்த்து இழுத்துப்போகும்.

தொடுவானம்77 · மே 10

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வார இறுதிகளில் அடியில் படுத்துப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

டயர் எண் 0811. அதாவது 2011-ன் எட்டாவது வாரம். பூ நன்றாகவே இருந்தது. கழற்றிப் பார்த்தபோது உள்விளிம்பு முழுக்க வெடிப்பு. ஸ்டெப்னியின் எண்ணைப் படிக்கவே முடியவில்லை. மூன்றையும் மாற்றிவிட்டேன்.

இடது பக்க வெளி பேரிங் நீலமாக இருந்தது. கிரீஸ் காய்ந்து மெழுகு போல இருந்தது. ஹோல்டன் பேரிங்தான். இரண்டு பக்கமும் மின்சார பிரேக்கோடு புது ஹப் போட்டாயிற்று, மூன்றாவது ஹப் பெட்டியில்.

ஸ்பிரிங்கில் வெடிப்பு தெரியவில்லை. மரச்சட்டத்தைப் பார்க்க, முன் ஜன்னலுக்குக் கீழே உள்பலகையைப் பிரித்தேன். ஜன்னலின் ஒரு மூலையில் மழைநீர் இறங்கி ஒரு முழம் நீளத்துக்கு மரம் கையால் பிட்டால் உதிர்ந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுச் சட்டம் வைத்தேன். மாதவி அக்கா எழுதியிருக்காவிட்டால் நான் அதைப் பிரித்தே இருக்க மாட்டேன்.

எடை: மொத்தம் 1,410 கிலோ. டோபால் மேல் 95 மட்டும். ஸ்டெப்னி பின் பம்பரில் இருந்தது, சமையல் சாமானும் பின்பக்கம். ஸ்டெப்னியைக் கேரவனின் முன்னே நீளும் இழுசட்டமான டிராபாருக்கு மாற்றி, அரிசி மூட்டையையும் குக்கர்களையும் ஆக்ஸிலுக்கு மேலே வைத்ததும் 138 வந்தது.

இப்போது சொல்லுங்கள், மாரீயில் விட்டுவிடுவதா, இழுத்துப் போவதா?

செம்மண்சாலை · மே 10

இவ்வளவு செய்தபிறகு இழுத்துப் போகலாம் என்பது என் கருத்து. நான் அந்தத் தடத்தில் நான்கு தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவை கேரவனோடு. காய்ந்திருக்கும்போது அது நல்ல சாலைதான். மண்ணைச் சமன் செய்யும் கிரேடர் போன பிறகு போனால் சுகம், அதற்கு முன் போனால் துன்பம். மாரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா, ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு ஓர் இடம். எல்லாவற்றிலும் டீசல் கிடைக்கும்.

கொரகேஷனுக்கு ஒரு யோசனை. மெதுவாகப் போனால் ஒவ்வொரு வரியிலும் இறங்கி ஏறும். 80-ல் பிடித்தால் வண்டி வரிகளின் தலையில் மிதந்து போய்விடும்.

மாதவி_டார்வின் · மே 11

மன்னிக்கவும், இந்த யோசனையால்தான் எங்கள் அலமாரி விழுந்தது. நாங்களும் 80-ல் மிதந்தோம். கார் மிதந்தது. பின்னால் வந்தது மிதக்கவில்லை.

கிரீஸ்கை · மே 11

மாதவி தங்கை சொல்வது சரி. செம்மண்சாலை தம்பி சொல்வது நல்ல ஷாக் அப்சார்பர் உள்ள காருக்குப் பொருந்தும். 1977 கேரவனில் ஷாக் அப்சார்பரே இராது, வெறும் லீஃப் ஸ்பிரிங். வேகமாகப் போனால் சக்கரம் தரையில் இருக்கும் நேரத்தைவிடக் காற்றில் இருக்கும் நேரம் கூடிவிடும். அப்போது பிரேக்கும் பிடிக்காது, திருப்பினாலும் திரும்பாது. 50, அதிகம் போனால் 60. ஒரு நாளில் 200 கிலோமீட்டர் போனால் போதும். அவசரம் உள்ளவன் பழைய கேரவன் இழுக்கக் கூடாது.

மண்ணில் ஏறும் முன் காற்றை இறக்கு. தார்ச்சாலையில் 45 பிஎஸ்ஐ வைத்திருந்தால் மண்ணில் 30. டயரே உனக்கு ஷாக் அப்சார்பர். காற்று குறைந்த டயரில் வேகம் போனால் சூடாகி வெடிக்கும், ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் இறங்கிப் போய் ஹப்பில் கை வை. கை வைத்திருக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் அங்கேயே நில்.

செம்மண்சாலை · மே 11

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. என் கேரவன் 2015-ல் வந்தது, ஷாக் அப்சார்பர் உண்டு. அந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை. 80 என்று எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேறு சில விஷயங்கள். காரின் பின்கண்ணாடிக்கு நெளி பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வெளிப்பக்கம் ஒட்டிவிடுங்கள். கார் சக்கரம் வீசும் கல் கேரவனின் முன்முகத்தில் பட்டுத் திரும்பி வந்து உங்கள் கண்ணாடியைத்தான் உடைக்கும். டிராபாருக்குக் குறுக்கே கனமான வலைத்துணி கட்டினால் பாதிக் கல் அதிலேயே விழும்.

யுஎச்எஃப் ரேடியோவில் 40-வது சானலில் லாரிக்காரர்கள் பேசுவார்கள். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் பல டிரெய்லர்களை வரிசையாக இழுக்கும் 53.5 மீட்டர் நீள லாரிகள், அதாவது ரோடு டிரெய்ன்கள் வரும். பின்னால் ஒன்று வந்தால் நீங்களே கூப்பிட்டு, "கேரவன் இழுக்கிறேன், வழி சரியாக இருக்கிறது, தாண்டலாம்" என்று சொல்லுங்கள். தாண்டும்போது வேகத்தைக் கூட்டவே கூடாது. மண்சாலையில் எதிரே வந்தால் ஓரம் கட்டி நின்றுவிடுங்கள், புழுதி அடங்கும் வரை எதுவும் தெரியாது.

அந்தி சாய்வதற்குள் எங்கேயாவது நிறுத்திவிடுங்கள். கங்காரு, மாடு இரண்டும் அப்போதுதான் சாலைக்கு வரும்.

உப்பளத்தான் · மே 12

தண்ணீரைக் கேரவனின் அடித்தொட்டியை நம்பி வைக்காதீர்கள். ஒரு கல் போதும். நான்கு பேருக்குக் குறைந்தது நான்கு 20 லிட்டர் கேன்கள் காருக்குள் இருக்கட்டும்.

புழுதி: கூரையின் முன்பக்கக் காற்றுத்திறப்பை மட்டும் முன்னோக்கி லேசாகத் திறந்து வைத்து ஓட்டினால் உள்ளே காற்றழுத்தம் கூடும், கதவிடுக்கில் புழுதி ஏறாது. ஃபிரிட்ஜின் வெளித் துளைகளை ஓடும்போது டேப் போட்டு மூடலாம். ஆனால் அடுப்போ ஃபிரிட்ஜோ கேஸில் எரியும்போது ஒரு துளைகூட மூடியிருக்கக் கூடாது. நிறுத்தியதும் டேப்பைக் கிழிப்பதுதான் முதல் வேலை, மகனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

மாரீக்கு அப்பால் ஊர் இருக்கும் இடத்தைத் தவிர செல்போன் எடுக்காது. செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் அவசர பீக்கன் ஒன்று வாங்குங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு யாரும் நடந்து போகக் கூடாது. மேலிருந்து தேடுகிறவருக்குக் கார் தெரியும், ஆள் தெரியாது. அம்மாவின் மாத்திரை இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள், பாதி காரில், பாதி கேரவனில்.

மாதவி_டார்வின் · மே 12

நானும் ஒன்று சேர்க்கிறேன். எங்கே விடுவது என்பதை அடிலெய்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். மாரீயில் ஒரு நாள் தங்கி, எதிர்த்திசையிலிருந்து கேரவனோடு வருகிறவர்களிடம் கேளுங்கள். அவர்கள் கேரவன் பின்பக்கத்தையும் பாருங்கள், அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். சாலை திறந்திருக்கிறதா என்று பகுதி பகுதியாகப் பலகை வைத்திருப்பார்கள். மூடியது என்றிருந்தால் ஓர் அடிகூடப் போகக் கூடாது. அபராதம் ஒரு பக்கம். நனைந்த களிமண்ணில் நீங்கள் போடும் பள்ளம் காய்ந்ததும் கல்லாகி, அங்கே வாழ்கிறவர்களுக்கு மாதக்கணக்கில் நிற்கும்.

தொடுவானம்77 · ஜூலை 27

திரும்பி வந்துவிட்டோம். எல்லோரும் நலம்.

மாரீயில் இரண்டு இரவு. ஒட்டகத்தோடு வந்த ஆப்கானியர்கள் நட்ட பேரீச்சை மரங்களையும் நின்றுபோன டீசல் எஞ்சின்களையும் பார்த்தோம். மாதவி அக்கா சொன்னபடி மூன்று பேரிடம் கேட்டேன். வில்லியம் கிரீக் வரை நன்றாக இருக்கிறது, அதற்குமேல் ஊட்னடாட்டா வரை கொரகேஷன் மோசம் என்று மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். வில்லியம் கிரீக் வரை இழுப்பது, பிறகு யோசிப்பது என்று முடிவு செய்தோம்.

30 பிஎஸ்ஐ, 50 வேகம். முதல் ஒரு மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் தோள் வலித்துவிட்டது. ஏழு தடவை நிறுத்தி ஹப்பில் கை வைத்தேன். ஒரு தடவைகூட வெதுவெதுப்பைத் தாண்டவில்லை.

பழைய கான் பாதையின் ஸ்டேஷன் இருந்த கர்டிமுர்க்காவில் கல்லால் கட்டிய குடியிருப்பு இன்னும் நிற்கிறது, பக்கத்தில் உயரமான தண்ணீர்த் தொட்டி, கொஞ்ச தூரம் தண்டவாளம். அம்மா தண்டவாளத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குடியிருப்பின் பின்பக்கம் போய்ச் சமையலறை எது என்று தேடிக் கண்டுபிடித்தார். "இந்தப் பொம்பளைகளுக்குத் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வந்திருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தொட்டி இருப்பதால் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்திருப்பார்கள், அதில் வீட்டுக்கும் கொடுத்திருப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒரு மணி நேரம் அங்கே இருந்தோம். அப்பாவைப் பற்றி நான் இதுவரை கேட்காத பல கதைகளை என் மகனிடம் அங்கேதான் சொன்னார்.

அன்று இரவு கவர்ட் ஸ்பிரிங்ஸில். பூமிக்கடியிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஊற்றில் முழங்கால் வரை இறங்கி நின்றவரை வெளியே கூப்பிடவே மனம் வரவில்லை.

வில்லியம் கிரீக் போன மறுநாள் மழை. எட்டுத் திசையும் மூடிவிட்டார்கள். மூன்று இரவு அங்கேயே. முதலில் கவலையாக இருந்தது, பிறகு பக்கத்துக் கேரவன்களுக்கும் சேர்த்து என் மனைவி சாம்பார் வைக்கத் தொடங்கிவிட்டாள். திறந்ததும் ஊட்னடாட்டாவை விட்டுவிட்டு, கூபர் பீடிக்குப் போகும் 166 கிலோமீட்டர் சாலையில் மேற்கே இறங்கினோம். ஊட்னடாட்டாவுக்கு முன்னால் வரும், கான் ரயிலுக்காக 1892-ல் கட்டிய அல்ஜிபக்கினா பாலத்தை அம்மா பார்க்க முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை. கூபர் பீடியிலிருந்து கிளென்டாம்போ வரை 250 கிலோமீட்டருக்குப் பங்க் கிடையாது, எதிர்க்காற்று வேறு. நூறு கிலோமீட்டருக்கு 20 லிட்டர் குடித்தது.

சேதம்: அடித்தொட்டியின் குழாய்மூட்டைக் கல் உடைத்து, முதல் நாளே தண்ணீர் முழுவதும் போனது. காரிலிருந்த கேன்கள்தான் காப்பாற்றின. ஓர் அலமாரிக் கீல் கழன்றது. மட்கார்டு தாங்கியில் வெடிப்பு. பின்கண்ணாடி அட்டையில் எண்ணிப் பார்த்தால் பதினான்கு கல் தழும்பு, கண்ணாடியில் ஒன்றும் இல்லை. புது மரச்சட்டம் அசையவில்லை. கடைசி நாள் மட்டும் இடது சக்கரப் பக்கம் "டக் டக்" என்று ஒரு சத்தம்.

மாதவி_டார்வின் · ஜூலை 27

கர்டிமுர்க்கா பற்றி எழுதியதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் போனது நல்லது. வில்லியம் கிரீக்கில் நிறுத்திக்கொண்டதும் நல்லது.

கிரீஸ்கை · ஜூலை 28

தம்பி, அந்தச் சத்தம் பின்பக்க ஷேக்கிளாக இருக்கும். போல்ட்டைக் கழற்றி அள. தேய்ந்திருக்கும்.

தொடுவானம்77 · ஜூலை 30

ஆமாம் அண்ணா, பின் ஷேக்கிள்தான். 14 மில்லிமீட்டர் போல்ட் நடுவில் 12 ஆகிவிட்டது. போல்ட்டைச் சுற்றியிருக்க வேண்டிய புஷ் இருந்த தடமே இல்லை.

கிரீஸ்கை · ஜூலை 30

வலது பக்கமும் அப்படித்தான் இருக்கும், சத்தம் போடவில்லை என்று விட்டுவிடாதே. நான்கு போல்ட்டையும் மாற்று, கிரீஸ் அடிக்கும் துளை உள்ள போல்ட்டாகப் பார்த்து வாங்கு, நைலான் புஷ் வேண்டாம், வெண்கலம் போடு. மட்கார்டு தாங்கியை வெல்டு வைக்கும் முன் பேட்டரி கம்பியையும் காரோடு உள்ள இணைப்பையும் கழற்றிவிடு. அடுத்த வருடம் மார்லா பக்கமிருந்து இறங்கினால் பாலம் முதலில் வரும், அம்மாவிடம் சொல்.